பூஜையில் வைக்காத பெட்டி

ஆயுத பூஜைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அந்த வீட்டு மாமியாரிடம் பதில் எப்போதும் தயார். நமக்குச் சோறு போடுகிற கருவிகளை வருஷத்தில் ஒரு நாள் உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நன்றி சொல்லிக் கும்பிடுகிற நாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது, அதற்கும் ஓய்வு வேண்டாமா என்பார். கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கருவி சோறு போடுகிறது, எது போடவில்லை என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. அங்கேதான் மருமகளுக்கு வயிறு எரிந்தது.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். அவள் கம்பெனியில் ஆறு பேர், அதில் இவள் ஒருத்திதான் பெண். ஏழு வருஷமாக ஊரிலுள்ள லிஃப்டுகளின் தலையிலும் காலடியிலும் ஊர்ந்து, அந்த வீட்டுக் கடனில் பாதியைக் கட்டியது அவளுடைய சிவப்பு இரும்புப் பெட்டிதான். ஸ்பானர், டெஸ்டர், லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி, எல்லாம் அதற்குள் இருந்தன. நாலு வருஷமாக அந்தப் பெட்டியைப் பூஜையில் வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற ஐந்து பேரும் தங்கள் பெட்டிகளை ஆபீஸ் பூஜையில் வைத்துப் பூட்டிவிட்டு ஜாலியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவசர அழைப்பு எல்லாம் இவள் தலையில் விழும். இந்த வருஷம் மேனேஜரிடம் கறாராகச் சொல்லிவிட்டாள், என் பெட்டியும் பூஜைக்குப் போகிறது, என்னைக் கூப்பிடாதீர்கள் என்று.

போகவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மனைப்பலகையில் மாமியாரின் மகனுடைய லேப்டாப் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பேத்தியின் கணக்குப் புத்தகம். பரீட்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது, அதனால் பேத்திக்கு அன்று பக்தி பொங்கி வழிந்தது. அப்புறம் மிக்ஸி, தையல் மெஷின், போன வருஷமே உயிரை விட்ட இஸ்திரிப் பெட்டி. டிவி ரிமோட்டுக்குக்கூட ஒரு பொட்டு. அந்த ரிமோட் மட்டும் மத்தியானம் எழுந்து வந்து சீரியல் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குச் சாமி கோபிக்காது.

கரண்டி மட்டும் எந்த வருஷமும் பலகை ஏறியதில்லை. அதை வைத்துவிட்டால் அன்றைக்கு யார் சமைப்பது? வீட்டில் மிக அதிகமாக உழைக்கிற கருவிக்கு அன்றைக்குத்தான் இரட்டை வேலை. மருமகளுக்கு இது ரொம்ப நாளாகவே உறுத்தல். மாமியாருக்கு இது தோன்றியதாகவே தெரியவில்லை.

சிவப்புப் பெட்டி வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு மாமியார் நிதானமாகப் பதில் சொன்னார். கிரீஸ் நாற்றம், ஊர்க் குப்பையெல்லாம் விழுகிற குழிக்குள் இறங்கி ஏறுகிற பெட்டி, அதைச் சாமி பக்கத்தில் எப்படி வைப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். லேப்டாப்பைக் கழிப்பறைக்குக்கூடக் கொண்டுபோகிற ஆளின் அம்மா இதைச் சொன்னார் என்பதை மருமகள் வாய்வரை கொண்டுவந்து முழுங்கிவிட்டாள். கணவன் லேப்டாப்புக்கு நன்றாகக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பொட்டு. கேட்டது ஒரே ஒரு பொட்டு.

இதற்குமேல் நடந்ததுதான் கூத்து. அந்த அடுக்குமாடியின் செகரெட்டரி பத்து மணிக்கு வந்து, கட்டடத்திலேயே பெரியவங்க நீங்கதான், உங்க கையால லிஃப்டுக்குப் பூஜை போட்டுடுங்க என்று மாமியாரைக் கூப்பிட்டார். மாமியார் பட்டுப்புடவையில் தட்டோடு கிளம்பினார். அதாவது லிஃப்டுக்கு மரியாதை உண்டு. அதை ஓட வைக்கிற பெட்டிக்குக் கிடையாது.

தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் கதவுக்கு மேலே செகரெட்டரி நீளமாக ஒரு மாலையைக் கட்டித் தொங்கவிட்டார். பின்னாலேயே வந்த மருமகள், மாலை கதவில் மாட்டும், சுவரில் கட்டுங்கள் என்றாள். மாமியார் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"நல்ல நாளும் அதுவுமா வாயை வைக்காதே. நாங்க பார்க்காத பூஜையா?"

சரி என்று மருமகள் படி ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் லிஃப்டின் பட்டன் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பூஜையை முடித்து, நாலாவது மாடிக்குப் பட்டனை அழுத்தினார். கதவு மூடும்போது மாலையின் வால் வெளியே மாட்டிக்கொண்டது. மேலே போகிற வழியில் அந்த வால் மூன்றாவது மாடிக் கதவுச் சட்டத்தில் கொக்கி போட்டு, உள்கதவை ஒரு விரல் அளவுக்கு இழுத்துத் திறந்தது. கதவு அவ்வளவு திறந்தாலே லிஃப்ட் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும், அது பாதுகாப்புக்கு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், விளக்கு எரிய, மாமியார் தட்டும் கையுமாக நின்றார்.

செகரெட்டரி மருமகளின் கம்பெனி ஆட்களுக்குப் போன் போட்டார். ஐந்து மெக்கானிக்குகளில் மூன்று பேர் எடுக்கவே இல்லை. எடுத்த இரண்டு பேரும், பெட்டி பூஜையில் இருக்கிறது, ஆபீஸ் பூட்டியிருக்கிறது, நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வருகிறோம் என்றார்கள். மேல்தளத்து மெஷின் ரூம் சாவியாவது கொடுங்கள் என்று யாரோ கேட்டதற்குச் செகரெட்டரி தலையைச் சொறிந்தார். அதையும் கட்டடத்துப் பூஜையில் வைத்து ஆரத்தி காட்டியாகிவிட்டது, எடுத்தால் தெய்வக் குத்தம் என்றார். உள்ளே மனுஷி மாட்டிக்கொண்டிருப்பது என்ன குத்தம் என்பது பற்றி அவருக்குக் கருத்து இல்லை.

கணவன் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது மருமகள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அவள் உடனே எழுந்திருக்கவில்லை. டம்ளரில் இரண்டு வாய் மிச்சமிருந்தது, அதை ருசித்துக் குடித்தாள். இந்த ஏழு வருஷத்தில் அவ்வளவு நல்ல காபி அவளுக்குக் கிடைத்ததில்லை. அப்புறம்தான், அத்தைக்கு மூடின இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூச்சு முட்டுமே என்பது ஞாபகம் வந்தது. நாலு நாலு படியாக மூன்றாவது மாடிக்கு இறங்கினாள்.

கதவில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே சாமி பேர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"அத்தை, நான்தான். கற்பூரம் மட்டும் ஏத்திடாதீங்க."

"ஏத்தலைம்மா. மூச்சு அடைக்குது. ஏதாவது பண்ணேன்."

"பண்றேன். எல்லாரோட பெட்டியும் பூஜையில இருக்காம். என் பெட்டிதான் செருப்புக்குக் கீழ இருக்கு. எடுக்கலாமா?"

உள்ளே சாமி பேர்கள்கூட நின்றுவிட்டன. சுற்றி நின்ற அக்கம்பக்கத்தார் மேலே பார்த்தார்கள், கீழே பார்த்தார்கள். கணவன் சுவரைப் பார்த்தான்.

"எடும்மா," என்றார் மாமியார். சின்னக் குரல், ஏதோ குழந்தை பேசுவதுபோல் இருந்தது. மருமகளுக்குக் காபி தொண்டையில் திரும்பி வந்தது. கேட்டிருக்க வேண்டாமோ என்று நினைத்துக்கொண்டே மேலே ஓடினாள்.

பெட்டியில் மெஷின் ரூமுக்கு இன்னொரு சாவி இருந்தது. மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கைத் தளர்த்துகிற கம்பியைக் கணவன் கையில் கொடுத்தாள். நான் அமுக்குங்கன்னா அமுக்கணும், விடுங்கன்னா விடணும், நடுவுல யோசிக்கக் கூடாது என்றாள். லேப்டாப் தட்டியே பழகிய கை, இரண்டாவது அமுக்கிலேயே வியர்த்துவிட்டது. அவள் பெரிய சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி லிஃப்டை மூன்றாவது மாடிக்கு இறக்கினாள். கீழே வந்து முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். கதவு திறந்தது.

மாமியார் தட்டை விடவில்லை. நாற்பது நிமிஷம் உள்ளே இருந்திருக்கிறார், நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. வெளியே வந்து, தரையில் திறந்து கிடந்த பெட்டியை மூடி, ஒரு கையில் அதைத் தூக்கினார். பன்னிரண்டு கிலோ. நான் தூக்குகிறேன் என்று வந்த மகனை முழங்கையால் தள்ளிவிட்டு, மூச்சிரைக்க நாலாவது மாடிக்குப் படி ஏறினார்.

வீட்டுக்குள் போய் லேப்டாப்பை ஓரமாகத் தள்ளினார். நடுவில் பெட்டியை வைத்தார். சந்தனத்தைத் தொட்டபோது, கையெல்லாம் கிரீஸ் ஆகும் அத்தை என்றாள் மருமகள், வேண்டுமென்றேதான். ஆகட்டும் என்று மூடிமேல் ஒரு பொட்டு வைத்தார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, நாலு மூலைக்கும் வைத்தார். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆஹா, இன்றைக்கு லீவு என்றும் நினைத்தாள்.

போன் அடித்தது. மேனேஜர். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர், வேறு யாரும் கிடைக்கவில்லை என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மருமகள் பெட்டியைப் பார்த்தாள். சந்தனம் இன்னும் காயவில்லை. பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது. நாலு வருஷம் கேட்டு வாங்கியது, நாலு நிமிஷம்கூட உட்காரவில்லை. தொட அவளுக்கே கை வரவில்லை.

மாமியார் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள நிக்கிறவங்களுக்கு இன்னைக்கு என்ன நாளா இருந்தா என்ன? நான் நின்னவ சொல்றேன். போ."

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். பலகை நடுவில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. கணவன் லேப்டாப்பை மெதுவாக அங்கே நகர்த்தப் பார்த்தான். மாமியார் அவன் கையை விலக்கிவிட்டு அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் கரண்டி இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, காலியான இடத்தில் வைத்து, பொட்டு வைத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"நாளைக்குக் காலையில மறுபூஜை முடியறவரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது," என்று மகனிடம் சொல்லிவிட்டு, பலகையிலிருந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.