இசோபேயின் மதிய மன்னிப்புகள்

இசோபே அண்ணன் தினமும் மதியம் பன்னிரண்டு பத்துக்கு மன்னிப்பு கேட்பார். தான் வேலை பார்க்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் அமர்ந்து, கைபேசியை முன்கண்ணாடியில் சாய்த்துவைத்து, சோற்று உருண்டையைக் கடித்தபடியே, தன்னைத் திட்டி வந்தவற்றை நேரலையில் வாசிப்பார். ஒவ்வொருவருக்கும் தலை தாழ்த்துவார். பிறகு கேட்பார்: "அன்னிக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

அவர்களும் எழுதுவார்கள். மைதானத்தில், வடக்குப் பார்வையாளர் வரிசையில். நூடுல்ஸ் கடை டிவிக்கு முன்னால். பிரசவ வார்டு வாசலில். ஒரே வருடத்தில் நாலு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர் தலையால் தட்டிய பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போனது. அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. "கீப்பர் கத்தியிருப்பாரு. எனக்குத்தான் கேக்கல" என்று அன்று செய்தியாளர்களிடம் சொன்னார்.

அந்தக் கீப்பர் நான். பந்தைப் பிடிக்க முன்னே வரும் கீப்பர் "கீப்பர்!" என்று கத்த வேண்டும். அப்போதுதான் தடுப்பாட்டக்காரர் விலகுவார். நான் கத்தவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எப்போதும் எளிது. இப்போது நகர நூலகத்தில் வேலை. அங்கே அது ஒரு தகுதி. ஆனால் அந்த ஒரு மௌனத்தை மட்டும் எந்த அலமாரியிலும் அடுக்கிவைக்க முடியவில்லை.

போன வாரம் அவர் அழைத்தார். "டேய் தொகிதா, ஒருநாள் வாடா. ஜனங்க கீப்பரைப் பாக்கணுமாம்."

போனேன். காரில் அவருக்குப் பக்கத்தில், பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்தேன். காலடியில் தனி பிரேக். காரணமில்லாமல் அதை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் திரையைப் படித்தார். "'பாவம் அந்தக் கீப்பர், உன்னால அவர் பொழப்பும் போச்சு.' ஆமாங்க. இவன் மேல ஒரு தப்பும் இல்ல." என் பக்கம் திரும்பி, ஸ்டியரிங்கில் நெற்றி படத் தலை தாழ்த்தினார்.

இப்போது சொன்னால், நாலு லட்சம் பேரிடம் அவர் கேட்ட மன்னிப்பெல்லாம் என்ன ஆகும்? என்னை அவர் இனி எப்படிப் பார்ப்பார்? அவர் இன்னும் நிமிரவில்லை. பயிற்சித் தடத்தில் ஒரு கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

"அண்ணே, நான் கத்தல."

"என்னது?"

"அன்னிக்கு. நான் கத்தவே இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"அடப்பாவி! காது டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்டா நான்! ரெண்டு காதும் நல்லாருக்குன்னு சொன்ன மனுஷன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்!"

"மன்னிச்சிடுங்கண்ணே." என் நெற்றி முன்பலகையில் இடித்தது.

பிறகு, மற்ற எல்லோரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "அன்னிக்கு நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"நின்னுட்டிருந்தேன். உங்களுக்குப் பின்னாடி, ஆறடியில."

அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திரையில் எழுத்துகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின.

"ஞாயித்துக்கிழமை நாப்பது தாண்டினவங்க ஆட்டம். கீப்பர் இல்ல. வர்றியா? ஆனா கத்தணும்."

"வர்றேன்."

"நம்ப மாட்டேன். இப்பவே கத்து, பாப்போம்."

மூடிய காருக்குள், பன்னிரண்டு வருடம் தாமதமாக, "கீப்பர்ர்!" என்று கத்தினேன். அடுத்த வகுப்புக்காக வெளியே காத்திருந்த பெண் பதறி இரண்டடி விலகி நின்றாள்.

"பாரு," என்றார் அண்ணன், "கேட்டா விலகுறாங்க."