துறையூர் சாலைச் சூப்புக் கடை

கதை எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதை நன்கு அறிவேன். அறிந்தும் துணிவதற்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். பெரம்பலூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பிறர் எழுதிய புத்தகங்களுக்கு எண் ஒட்டி அடுக்குவது பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. அந்த அடுக்கில் என் எழுத்தும் ஒரு நாள் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததில்லை, இப்போதும் இல்லை. ஷைனி என்னும் ஒரு பெண்ணின் கைத்திறனை நான்கு பேராவது அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது.

என் சொந்த ஊர் கல்லங்குறிச்சி. வாரநாள்களில் பெரம்பலூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்குகிறேன். ஒரு பெண் உணவகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் இலை போட்டதிலிருந்து எடுக்கும் வரை எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவதே என் வழக்கம்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், துறையூர் சாலையில் டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு புதிய பலகை தெரிந்தது. ‘கொரியன் சூப், மந்து’ என்று எழுதியிருந்தது. மழைக்கு ஒதுங்கியவள், சும்மா நிற்பது மரியாதையன்று என்று எண்ணி, ஒரு சூப் பார்சல் கேட்டேன்.

"பார்சல்ல சாறு ஆறிப் போயிடும்க்கா. ஆறினா நல்லாருக்காது" என்றார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பெண். முப்பது வயது இருக்கும். அவர்தான் ஷைனி. "உள்ள வாங்க. எங்க அடுப்பப் பாத்த மாதிரி சுவரோரமா ஒரு சீட்டு இருக்கு. அங்க உக்காந்தா ஒருத்தர் கண்ணும் உங்க மேல படாது."

நான் சொல்லாததை அவர் புரிந்துகொண்டுவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஒரு கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

வெண்ணிறக் கிண்ணத்தில் கோழிச் சாறு வந்தது. அடியில் கிடந்த பூண்டுப் பல் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அது தெளிந்திருந்தது. அதில் ஐந்து மந்துகள் மிதந்தன. மந்து என்பது கோழிக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் இவற்றை மைதா வட்டத்துள் வைத்து மூடி வேகவைத்த ஒருவகைக் கொழுக்கட்டை. கடித்தால் முதலில் வெளியே இருக்கும் சாறும் அதன்பின் உள்ளே இருக்கும் சாறும் வாயில் கூடும். பக்கத்தில் மிளகாய் பூசி ஊறிய முட்டைக்கோஸ் ஒரு தட்டில் இருந்தது. நான் அதை முடித்ததும் ஷைனியின் கணவர் லியோ பிரபு, கேளாமலேயே இன்னொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். "இது எவ்ளோ வேணாலும் வெப்போம் மேடம். கொரியாக்காரங்க வழக்கம்" என்றார்.

அதன்பின் வாரத்தில் மூன்று நாள் அந்த நாற்காலி என்னுடையதாயிற்று.

அங்கிருந்து ஷைனி வேலை செய்வதைப் பார்ப்பேன். கோழி முதல் கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். கழுவிய கோழியைப் புதுத் தண்ணீரில் இட்டு மறுபடி தொடங்குவார். நுரையைச் சிறு வடிகட்டியால் ஒதுக்கி ஒதுக்கி எடுப்பார். "கொதிக்க விட்டா கலங்கிடும்க்கா. கண்ணு சிமிட்டற மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு குமிழி வரணும், அவ்ளோதான்" என்பார். மந்து பிடிக்கும்போது அவர் கையைப் பார்ப்பதே இல்லை. மாவு வட்டத்தில் பூரணம் வைத்து, பிறைபோல் மடித்து, இரு முனைகளையும் பின்னால் இழுத்து ஒட்டினால் ஒரு சிறு தொப்பி ஆகிவிடும். என் எதிரே பேசிக்கொண்டே அறுபது தொப்பிகள் பிடித்து வரிசை வைப்பார். ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருந்து நான் கண்டதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கொரியப் பொறியாளர்களின் விருந்தினர் விடுதியில், ஒரு கொரியச் சமையற்கார அம்மையாரிடம் ஏழு ஆண்டு வேலை பார்த்துக் கற்ற கை அது.

கடைக்கு வருவோர் எல்லோரும் என்னைப்போல் இல்லை. டயர் கடைத் தங்கசாமி அண்ணன் நாள்தோறும் வந்து நாள்தோறும் குறை சொல்வார்.

"ஏம்ப்பா லியோ, இந்தத் தண்ணில கோழி முழுசா குளிச்சுச்சா, இல்ல எட்டிப் பாத்துட்டு ஓடிருச்சா?"

"உள்ளதாண்ணே இருக்கு. உங்களப் பாத்துட்டு வெளில வர வெக்கப்படுது."

"ஒரு கைப்பிடி மசாலா போட்டா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"போட்டா அப்புறம் நீங்க திட்டறதுக்கு என்னண்ணே இருக்கும்?"

திட்டிக்கொண்டே கிண்ணத்தைத் துடைத்துவைத்துவிட்டுப் போவார்.

கடை சிறியது, நான்கே மேசைகள். வருமானம் போதவில்லை என்பதை ஷைனி மறைக்கவில்லை. அவர்களுக்கு ரீனா என்று ஏழு வயது மகள். அவளை வரதராஜன்பேட்டையில் லியோவின் அக்காள் வீட்டில் விட்டிருந்தார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவார்கள்.

"கடை நெலச்சு நின்னுச்சுன்னா இங்கயே வூடு பாத்து அவளக் கூட்டியாந்துருவோம்க்கா. மூணாங் கிளாசுக்கு ஸ்கூல்லகூடச் சொல்லி வெச்சுட்டேன். நிக்கலன்னா மறுபடி ஸ்ரீபெரும்புதூர் விடுதிதான். அங்க புள்ளைங்களச் சேத்துக்க மாட்டாங்க" என்றார் ஒருநாள்.

மாசி மாதம் ஒரு வழி பிறந்தது. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த காலணித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு கொரியர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஓராண்டுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஆள் தேடினார்கள். அங்கே அலுவலராக இருந்த முத்தமிழ்செல்வன் என்ற இளைஞர் ஷைனியின் கடையில் இருமுறை சாப்பிட்டிருந்தார். அவர் பேசி ஏற்பாடு செய்தார். சென்னையிலிருந்து ஒரு பெரிய சமையல் நிறுவனமும் கேட்டிருக்கிறது, ஆகவே ஒரு சனிக்கிழமை மேலாளர்கள் மூவர் நேரில் வந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள் என்றார்.

அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ரீனா வீடு வந்து சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை என்று ஷைனி நோன்பிருந்தார். கோழிச் சாற்றை நாளெல்லாம் காய்ச்சுவார். ஒரு துளி நாக்கில் வைக்க மாட்டார். மணமும் நிறமும் அளவும்தான் அவருக்குக் கணக்கு. ருசி பார்ப்பது லியோ.

அந்தச் சனிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. வெங்காயத்தாள் நறுக்கித் தருகிறேன் என்று நானாகவே போனேன். விடியலிலிருந்து ஷைனி நின்றுகொண்டே இருந்தார். சாறு அதற்குமுன் நான் கண்டிராத தெளிவோடு இருந்தது. பன்னிரண்டரைக்குக் கார் வந்து நின்றது. லியோ வாசலுக்கு ஓடினார்.

"அக்கா, நான் போயி வணக்கம் சொல்லிட்டு வந்துடறேன். தீயக் கூட்டிடாதீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஷைனியும் போனார்.

நான் தனியே அடுப்பின்முன் நின்றேன். வீட்டில் அடுப்பருகே நின்றால் கரண்டியில் தொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் தொட்டுப் பார்த்தேன்.

சாற்றில் உப்பே இல்லை.

நான்கு மாதமாக அங்கே குடித்த சாற்றில் ஒருநாளும் உப்புக் குறைந்ததில்லை. அதை எப்போது போடுவார் என்று நான் கவனித்ததில்லை. தூக்கமின்றி நின்ற களைப்பில் மறந்துவிட்டார், நோன்பினால் ருசி பார்க்கவும் இல்லை, லியோவும் மேசை அடுக்கும் அவசரத்தில் தொட்டுப் பார்க்கவில்லை என்று முடிவு செய்தேன். வெளியே போய், விருந்தினர் எதிரே, ‘உப்புப் போட மறந்துவிட்டீர்கள்’ என்று ஒரு சமையற்காரப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? எங்கள் ஊர்ப் பக்கம் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அவருக்குத் தெரியாமலே சரிசெய்துவிட்டால் அவர் மனம் நோகாது என்று எண்ணினேன். உப்பு ஜாடியைத் திறந்து மூன்று கரண்டி போட்டுக் கலக்கினேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். சாறு அற்புதமாக இருந்தது. எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அந்தக் கடைக்கு நானும் ஏதோ செய்துவிட்டேன் என்ற நிறைவு.

ஷைனி திரும்பி வந்து கிண்ணங்களில் ஊற்றினார். லியோ எடுத்துச் சென்றார். ஷைனி மூன்று சிறு தட்டுகளில் உப்பும் மிளகுத்தூளும் வெங்காயத்தாளும் வைத்துப் பின்னாலேயே போனார். பரிமாறும் சன்னல் வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"என்னங்க ஷைனி, உப்பத் தனியா வெச்சிருக்கீங்க? வீட்டுக்காரர் மேல கோவமா?" என்று மேலாளர்களோடு வந்திருந்த முத்தமிழ்செல்வன் சிரித்தார்.

"அவங்க ஊர்ல இந்தச் சாறுக்கு உப்பே போட மாட்டாங்க சார். அவங்கவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி மேசையில போட்டுக்குவாங்க. நம்ம ஊரு ஆளுங்களுக்குத்தான் நான் கிண்ணத்துல போட்டுக் கலக்கிக் குடுக்கறது. இன்னிக்கு அவங்க முறைப்படி."

மூன்று கொரியர்களும் ருசி பார்க்காமலேயே உப்பை எடுத்தார்கள். மூவரில் மூத்தவர் யூன் என்பவர், தலை நரைத்தவர், அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி நிதானமாகக் கலக்கினார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சன்னலிலிருந்து அவர் மேசை ஆறடி தூரம். அவ்வளவு பேர் நடுவில், அயலார் எதிரே, நான் செய்ததைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. யூன் ஒரு வாய் குடித்தார். கரண்டியை மெல்ல வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு ஷைனியைப் பார்த்துத் தலைதாழ்த்திப் புன்னகை செய்தார்.

மந்துகளை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார்கள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி மடிப்பைப் பார்த்து, யூன் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். ஷைனி வெட்கத்தோடு சிரித்தார். மூன்று கிண்ணங்களிலும் சாறு அப்படியே இருந்தது.

அவர்கள் போனபின் ஷைனி அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குள் வந்து, பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து காத்துவந்த நோன்பு அப்போது போயிற்று.

"உப்பு போட்டிருக்கு" என்றார்.

"நான் போடல" என்றார் லியோ.

ஷைனி தம் வலக்கையைப் பார்த்தார். "அப்ப நாந்தான். தெனமும் போட்டுப் போட்டு, கை அதுவா போட்டுருச்சு போல. எனக்கே தெரியல பாரு."

நான் வெங்காயத்தாள் நறுக்கிய பலகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை முத்தமிழ்செல்வனே நேரில் வந்தார். "மந்துன்னா இதாம்மா மந்துன்னு சொன்னாங்க. ஆனா சாறு ரொம்ப உப்பாம். யூன் சார் பிபி மாத்திர போடறவரு, தெனமும் சாப்புடற சாப்பாடாச்சேன்னு யோசிச்சாங்க. சென்னைக்காரங்களுக்கே குடுத்துட்டாங்க. மன்னிச்சுக்கங்க" என்றார். இன்னொரு தடவை வரச் சொல்லிக் கேட்கலாமா என்று லியோ இழுத்தார். "என் கைக்கே என்ன செய்யுதுன்னு தெரியல, எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?" என்று ஷைனி மறுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் மந்து பிடிக்கையில் கையைப் பார்த்துக்கொண்டே பிடித்தார். எடுத்த உப்பை ஜாடியில் திரும்பக் கொட்டி மறுபடி அளந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும் என்றே போனேன்.

இருபத்து மூன்றாம் நாள் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் சொன்னேன். எழுதிவைத்துக்கொண்டு போன வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஷைனி, அன்னைக்கு உப்பு போட்டது நாந்தாங்க. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னேன்.

லியோ கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஷைனி உப்பு ஜாடியை எடுத்து மூடியை இறுக்கினார்.

"உப்பு போட்டது பரவால்லக்கா" என்றார் பிறகு. "என் மேல அக்கறையிலதான் போட்டிருக்கீங்க. ஆனா அவங்க உப்பு எடுக்கறப்ப ஒரு சத்தம் குடுத்திருந்தா, ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பா நெறைய சாறு இருந்துச்சே, அஞ்சு நிமிஷத்துல சுட வெச்சுக் குடுத்திருப்பேனே. அன்னைக்குச் சாயங்காலம் சொல்லியிருந்தாக்கூட, மறுபடி ஒருவாட்டி வாங்கன்னு தைரியமாக் கேட்டிருப்பேன். நான் தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமேக்கா."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, உக்காருங்க" என்றார். எஞ்சியிருந்த மாவில் மந்து பிடிக்கத் தொடங்கினார். கையைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் நின்ற லியோவைப் பார்த்தபடியே பிடித்தார். எல்லாத் தொப்பிகளும் ஒரே அளவாக வந்தன. அந்தக் கையைப்போல் ஒரு கையை இதுவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர்கள் ஸ்ரீபெரும்புதூர் சென்றுவிட்டார்கள்.

இழந்தவற்றை எழுதி முடிக்கிறேன். முப்பத்திரண்டு பேருக்கு ஓராண்டு மதியச் சாப்பாடு. நான்கு மேசைகள் உள்ள ஒரு கடை. மூன்றாம் வகுப்பில் ரீனாவுக்குச் சொல்லிவைத்திருந்த இடம். அவள் தன் பெற்றோருடன் ஒரே வீட்டில் இருந்திருக்கக்கூடிய ஓராண்டு, குறைந்தபட்சம். நேர்ந்துகொண்ட நோன்பு. ஷைனி தம் கையை நம்பாமல் கழித்த இருபத்து மூன்று நாள்கள்.