சைக்கிளுக்குப் பல் அளவு

பஸ் டிரைவர் அந்தச் சைக்கிளை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அதற்குச் சக்கரமும் இல்லை, சீட்டும் இல்லை. இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டின் பின்புறம் கிடந்த வெறும் எலும்புக்கூடு. அதன் மேல் யாரோ பச்சைப் பெயிண்டை அப்பித் தள்ளியிருந்தார்கள்.

“இங்கிலாந்து சைக்கிள்” என்றார் மனைவியிடம். “குழாய்ங்க சேர்ற இந்த மூட்டைப் பாரு. ஈட்டி முனை மாதிரி அரம் போட்டு இழைச்சிருக்கான். ஏனோதானோன்னு செஞ்சதில்ல.”

டயர் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, போன தடவை வெள்ளின்னு சொல்லி அலுமினியத் தட்டு வாங்கினீங்க. இப்ப இதுவா?”

டிரைவரின் முகம் சுண்டிப்போயிற்று. பழைய சைக்கிள் சங்கத்தின் ஊர்வலத்தில் அதை ஓட்ட வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. சங்கத்தின் செயலாளராக இருந்த ஒரு அம்மாவை வரவழைத்துக் காட்டினார்.

“வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு” என்றார் அந்த அம்மா. “ஆனா யார் செஞ்சது, எந்த வருஷம்னு தெரியாம சேர்க்க முடியாதுங்க. பெடல் அச்சு போற உருளைக்கு அடியில நம்பர் இருக்கும், தேடுங்க.”

டிரைவர் பெயிண்டைச் சுரண்டினார். நம்பர் இருந்தது, துரு தின்றது போக மிச்சம். டார்ச் அடித்தார், சாக்பீஸ் தேய்த்தார். ஒரு பக்கமிருந்து பார்த்தால் மூன்று, மறுபக்கமிருந்து பார்த்தால் எட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை அவளுக்கு.

“தள்ளுங்க. பள்ளத்தை எவ்வளவு முறைச்சாலும் ஒண்ணும் தெரியாது. அதை மேடாக்கிப் பார்க்கணும்.”

பல்லுக்கு அளவெடுக்கும் பசையைப் பிசைந்து உருளையின் அடியில் அழுத்தினாள். இறுகியதும் பதமாக உரித்து, இடவலம் மாறித் தெரியாமலிருக்கக் கண்ணாடி முன் பிடித்தாள். எம் 6082 என்று எழுத்தும் எண்ணும் புடைத்துக்கொண்டு நின்றன. துருப்புள்ளி என்று இருவரும் நினைத்திருந்த இடத்தில் பொடியாக இன்னொரு எண்: 37.

டிரைவர் அந்த 37-ஐ விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவள்தான் செயலாளருக்குப் போன் செய்தாள்.

“நம்பர் பக்கத்திலேயே வருஷத்தையும் அடிக்கிறது மார்வுட்ங்கிற இங்கிலாந்துக் கம்பெனிக்காரங்க வழக்கம்” என்றார் அவர். “அன்னிக்கு முன்கழுத்துல, கம்பெனிச் சின்னம் பதிக்கிற இடத்துல மூணு துளை பார்த்தேன். இருங்க, வர்றேன்.”

நொறுங்கிப்போன வேறொரு மார்வுட்டின் பித்தளைச் சின்னத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுத்துக் குழாயில் வைத்து மெல்லிய ஆணிகளைச் செருகினார். மூன்றும் தடங்கலின்றி உள்ளே போயின.

“மார்வுட்தான். முப்பத்தேழாம் வருஷம். எங்க சங்கத்துலயே இதுதான் மூத்தது.”

சேதி கேட்டு வந்திருந்த டயர் கடைக்காரர் பசை அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாப்பிள்ளை, இதுக்கு டயர் நான்தான் போடுவேன். வேற எவனும் கை வைக்கக் கூடாது.”

ஊர்வலத்தன்று மூத்த சைக்கிளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். சக்கரமும் சீட்டும் பூட்டியிருந்த அதை டிரைவர் உருட்டி வந்து ஹேண்டில்பாரை மனைவியிடம் நீட்டினார்.

“நீ ஏறு. கண்டுபிடிச்சது நீதானே.”

அவள் மறுக்கவில்லை. பாருக்கு மேல் காலை வீசிப் போட்டு ஏறி மிதித்தாள். மார்வுட் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரவல் சைக்கிளில் பின்னால் வந்த டிரைவருக்கு வாயெல்லாம் பல். தெருவோரத்தில் அவள் அண்ணன் முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“முப்பத்தேழு மாடலுங்க. முன்னாடி போறது என் தங்கச்சி.”