ஏலேயா, ஏட்டியா?

கப்பலில் வேலைபார்க்கும் மச்சினன் கொண்டுவந்த இக்வானா, உடும்புக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கு நாளை தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வருகிறது. இதுவும் ஆணாக இருந்தால் இரண்டும் குதறிக்கொள்ளுமே என்று கைலாசம் காலையிலிருந்து கூண்டைச் சுற்றிச்சுற்றி நடந்தார்.

மாட்டு டாக்டர் காசிலிங்கம் அதன் பின்தொடையைத் தடவிப் பார்த்தார். "ஆணுக்கு இங்கன புள்ளி வரிசை தடிப்பா இருக்கும் அண்ணாச்சி. இதுக்குச் சிறுசு. ஆனா வயசு காணாது, உறுதியாச் சொல்லமுடியாது."

"உறுதியில்லாம எப்படிவே கட்டிக்கொடுக்க?"

கைலாசமே குனிந்து, "ஏலே!" என்று கூப்பிட்டார். இக்வானா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "ஏட்டி!" என்றார். சடக்கென்று தலையைத் திருப்பியது.

"பாத்தீராவே? பொண்ணுதான்!"

"கூப்பிட்டியளா?" என்று அடுப்படியிலிருந்து முருங்கைக்கீரையோடு வந்து நின்றாள் மனைவி சித்ரலேகா. இக்வானா கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கைலாசம் மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.