ஆர்லிஸின் ஆட்சேபம்

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்தக் கொட்டகைக்குள் வாக்குச்சாவடி போட்டிருந்தார்கள். சிமென்ட் தரையில் ஒட்டிய நீல நாடாவுக்குப் பின்னால் தன் கட்சியின் பார்வையாளராக ஆர்லிஸ் நின்றாள். பார்க்கலாம், கேட்கலாம், வாக்காளரிடம் வாய் திறக்கக் கூடாது. சந்தேகம் என்றால் தலைமை அலுவலர் வெர்லினிடம் மட்டும் சொல்லலாம். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லியே பழகியவளுக்கு அது லேசான தண்டனை இல்லை.

பட்டியல் என்றாலே அவளுக்கு ஆகாது. போன தேர்தலில் செத்துப்போன பால்பண்ணைக்காரர் ஒருவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்ததைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு வரிசையில் அவள் மகன் டாரல் வந்து நின்றான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரை முடமாக்கிய வழக்கில் சிறைக்குப் போய் வந்தவன். விடுதலைக்குப் பிறகும் கண்காணிப்பில் வைக்கும் நன்னடத்தைக் காலம் முடியும்வரை அவன் ஓட்டுப் போடக் கூடாது. போட்டால் மறுபடியும் சிறைதான். அந்தக் காலம் அடுத்த கோடையில்தான் முடியும் என்று ஆர்லிஸ் நம்பியிருந்தாள். இப்போதுதான் சீஸ் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய கதையை அங்கே யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்தபடியாக நின்றவர் அந்த ஆலையின் ஃபோர்மேன் க்ரூகர். ஊருக்குப் புதியவர்.

ஆர்லிஸ் வெர்லினை ஜாடை காட்டி அழைத்தாள்.

"என் பையனைத் தனியா கூப்பிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்றது? ஓட்டு இல்லாதவங்க பட்டியல்ல அவன் பேரு இல்ல. பாத்துட்டேன்."

"பட்டியலாம் பட்டியல்! செத்தவனை உசுரோட வெச்சிருந்த ஆளுங்கதானே நீங்க?"

"தாயே, ஆட்சேபம்னா சத்தியம் பண்ணிட்டு வாயைத் திறந்து சொல்லு. இல்லேன்னா கம்முனு நில்லு. அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் உன்னை வெளியே அனுப்பிடுவேன்."

போனால் போகிறது என்று ஒரு சத்தம் போட்டு மகனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போன முறை எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் வாக்காளரிடம் பேசினான் என்று அவனை வெளியேற்ற வைத்தவளே இவள்தான். இப்போது தானே அப்படிப் போக மனம் வரவில்லை. மகன் மேல் பாசம் இருந்தது, வீம்பும் இருந்தது. அவள் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

ஆட்சேபம் வந்தால் கேள்விகளை மேஜையருகிலேயே, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் கேட்டாக வேண்டும்.

"டாரல், உன் ஓட்டுக்கு ஆட்சேபம் வந்திருக்கு," என்றார் வெர்லின்.

"யாரு?"

வெர்லினின் கண் நீல நாடாவுக்குப் போனது. டாரலும் அந்தப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"நீ குத்தம் பண்ணித் தண்டனை வாங்கினவனா?" என்று வெர்லின் கேட்டார்.

"ஆமா." அவன் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"தண்டனை முழுசா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஒழுங்கா நடந்துக்கிட்டேன்னு கோர்ட்டுல மிச்ச நாளைக் குறைச்சுட்டாங்க. போன வாரம்."

க்ரூகர் சட்டென்று ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

டாரல் ஓட்டுப் போட்டுவிட்டு நாடா அருகே வந்து நின்றான்.

"ராத்திரி சாப்பிட வந்து சொல்லலாம்னு இருந்தேம்மா. அதுக்குள்ள நீயே ஊருக்குச் சொல்லிட்ட."

அவள் உதடு அசைந்தது.

"வேணாம். நீ பேசக் கூடாதுல்ல? உன் சட்டம் எனக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்து க்ரூகர் தன் ஓட்டைப் போட்டுவிட்டு அந்த வழியாக வந்தார். ஆர்லிஸ் நாடாவைத் தாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என் பையன் சார். திருந்திட்டான். வேலையில வெச்சுக்குங்க, கைவிட்டுடாதீங்க."

"ஆர்லிஸ், வெளியே போ!" என்று வெர்லின் கத்தினார்.

க்ரூகர் கோபப்படவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"பெத்தவங்களே நம்பலையேம்மா. நான் எதை வெச்சு நம்பறது?"

வெர்லின் வந்து அவள் சட்டையில் குத்தியிருந்த பார்வையாளர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.