ஆறாவது பிடி

“அவர் தூக்க மாட்டார் எண்டா மாட்டார்! எத்தினை தரம் சொல்லுறது?”

புருஷனுக்காக மேரிசெலின் போட்ட சத்தத்தில், தேவாலய வாசலில் கோட்டைக் கழற்றியவர்கள் திரும்பவும் அதைப் போட்டுக்கொண்டார்கள். சண்டை முடியுமுன் உள்ளே போக யாருக்கும் மனமில்லை.

“சித்தி, அப்பாவுக்குக் கூடப்பிறந்தது சித்தப்பா ஒராள்தான். அந்தப் பிடி அவருக்குத்தான்,” என்றாள் நவோமி.

சவப்பெட்டிக்கு ஆறு பிடி. ஐந்துக்கு ஆள் இருந்தது, ஒன்றில் நவோமியே. ஆறாவதைப் பிடிக்க எங்கள் பிராண்டே ஊர்த் தமிழ் ஆம்பிளைகளில் பாதிப்பேர் முண்டியடித்தார்கள். அவள் ஒருவரையும் கிட்ட விடவில்லை.

பெட்டிக்குள் கிடந்தவர் அவளுடைய அப்பா ஜீவரட்ணம். நோர்வேயின் வடக்கு முனைக்கு மீன் வெட்டப் போய், தொழிற்சங்கத்தில் வாய்காட்டி, நகரசபைக்குள் நுழைந்து, மீன்பிடிக் குழுவுக்குத் தலைவராகவே ஆனவர். நாங்கள் அவரை ‘மீன் மந்திரி’ என்போம், முதுகுக்குப் பின்னால்தான். இப்படியே பிடித்தால் குஞ்சு மீனும் மிஞ்சாது என்று, குடாவில் வலை போடுவதை நிறுத்தக் கையை உயர்த்தினார். தீர்மானம் ஒரு வாக்கில் வென்றது. அடுத்த குளிருக்குள் மீன் தொழிற்சாலை மூடியது. வேலை போனவர்களில் அவருடைய சொந்தத் தம்பி ஆனந்தராஜாவும் ஒருவர்.

தம்பி நோர்வேயை விட்டுக் கடல் தாண்டி இங்கே பிராண்டேக்கு வந்து காற்றாலை இறக்கை செய்யப் போனார். தேர்தலில் தோற்ற அண்ணரும் மகளிடம் இங்கேயே வந்து சேர்ந்தார். அதன்பிறகு ஒரே தேவாலயத்தில் ஒருவர் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம். பார்த்துப் பார்த்துக் கர்த்தருக்குத்தான் கழுத்து நொந்திருக்கும்.

நவோமி கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். சிகரெட் பிடிக்கிற சாட்டில் நாங்களும் பின்னால் போனோம். ஆனந்தராஜா காருக்குள்ளேயே இருந்தார். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

“நான் தூக்கினா அவர் செய்தது சரி எண்டு ஆகும், பிள்ளை.”

“அப்பா இனி வாக்குக் கேக்க மாட்டார், சித்தப்பா.”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசியிலை என்னைப் பற்றிக் கேட்டவரோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நாங்களாயிருந்தால் சொல்லியிருப்போம்.

“இல்லை,” என்றாள் நவோமி. “உங்கடை கார் எங்கடை றோட்டாலை போனா மட்டும் எழும்பி யன்னலடிக்குப் போவார்.”

ஆனந்தராஜா கார்க் கதவைத் திறந்தார்.

ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “மெல்ல, மெல்ல. அண்ணைக்கு முழங்கால் ஏலாது.”

அவ்வளவு கத்திய மேரிசெலின் முன்னால் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கோடையில் அவளுடைய மகள் ஷாரன் ஒரு நோர்வே மீனவனைக் கட்டினாள், அதுவும் அந்தக் குடா ஊரிலேயே. எங்கள் வாய்களுக்கு மாதக்கணக்காக ஓய்வில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் மேரிசெலினும் ஆனந்தராஜாவும் அங்கேயே குடிபோனார்கள். நவோமி தலைநகர்ப் பக்கம் புரொண்பிக்கு மாறிவிட்டாள். போன மாசியில் அவளுடைய போனுக்குச் சித்தப்பாவிடமிருந்து ஒரு படம் வந்ததாம். படத்தில் ஆட்கள் இல்லை. வலைத்தடை நீங்கிய அந்தக் குடாவின் பனி மூடிய படகுத்துறையில், விளிம்புவரை கொட் மீன் நிறைந்த பெட்டிகள். கீழே அவர் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.