எங்கள் வீட்டில் பிளாக்

பிளாக் என்ற சொல்லை முப்பத்திரண்டு வருடம் நான் ஒரே பொருளில்தான் எழுதினேன். மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்து எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். ஏழாம் பிளாக்கில் எத்தனை செம்பனைக் குலை இறங்கியது, யார் வெட்டினார்கள் என்று பதிவுசெய்வது என் வேலை. அங்கே பிளாக் என்றால் நிலம்.

மகள் ஷர்மினி கட்டடப் படம் வரையப் போன பிறகு, அவள் பேச்சில் அது அடுக்குமாடி ஆனது. மகன் சுகுமாறன் குழாய் பழுது பார்ப்பவன். அவனுக்கு அது அடைப்பு. நான்கு வருடத்துக்கு முன் இன்னொரு பொருளை நானே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

ஷர்மினி எங்களுக்குச் சொல்லாமல் தேவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தேவன், ஏழாம் பிளாக்கில் குலை வெட்டிய சோமுவின் மகன். நான் பெயர் கூப்பிட்டால் கைகட்டி நிற்கும் சோமு, மறுநாள் சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேர் முன்னால், "கிராணி ஐயா, இனிமே நாம சம்பந்திங்க லா. இன்னிக்குத் தேத்தண்ணி நீங்கதான் வாங்கித் தரணும்" என்றான். கடையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து எல்லாருடைய கைப்பேசியையும் மேசைமேல் வைக்கச் சொன்னேன். அவள் எண்ணை ஒவ்வொன்றிலும் பிளாக் செய்யவைத்தேன். என் மனைவி புனிதவதிக்கு அப்படிச் செய்யத் தெரியாது. அவளுடையதை நானே செய்தேன்.

இந்த வருடம் டாக்டர் புனிதவதியின் இதயத்தில் பிளாக் என்றார்.

"அடைப்புங்களா?" என்று சுகுமாறன் கேட்டான்.

இல்லை, மேலே பிறக்கும் துடிப்பு கீழே போய்ச் சேரவில்லை என்றார். துடிக்கவைக்கும் பேட்டரி வைக்கலாம், ஆனால் சிறுநீரகமும் கெட்டுவிட்டது, உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் அவள் கேட்டது ஒன்றுதான். "ஷர்மினிய வரச் சொல்லுங்க."

சுகுமாறன் என்னிடம் வந்தான். "நீங்க கூப்பிட்டா வர்றாளாம்பா. அவ இருக்கிற சுங்கை சோவிலேருந்து வர எவ்வளவு நேரம் ஆயிடப் போவுது?"

"அவளிடம் நீ எப்படிப் பேசினாய்?"

"நான் மறுநாளே பிளாக்க எடுத்து விட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தான் இன்னும் பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க."

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை என் கைப்பேசியிலும் பிளாக்கை அவனையே எடுத்துவிடச் சொல்லி, ஷர்மினியை அழைத்தேன்.

"அப்பா" என்றாள்.

'வாம்மா' என்ற ஒரு சொல் போதும். அது எனக்குத் தெரியும். "உன் அம்மாவை வந்து பார். அவன் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும்" என்றேன்.

"எனக்கு ஆறு மாசம்பா. அவருதான் காடி ஓட்டிக்கிட்டு வரணும். அவர வெயில்ல நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள வரணுமா?"

"இது என் வீடு."

"அப்ப நான் வரலைன்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. வந்துகொண்டிருக்கிறாள் என்றேன்.

மதியம் புனிதவதிக்கு மூச்சு இழுத்தது. கடைசிப் பால் பிள்ளைகள் கையால் விட வேண்டும். சுகுமாறன் விட்டான், விழுங்கினாள். உயிர் பிரியவில்லை. "பொண்ணு கைப் பாலுக்குத்தான் காத்துக்கிட்டுக் கிடக்கு" என்றாள் பக்கத்து வீட்டுத் திலகா.

கரண்டியை மருமகள் லோகேஸ்வரியிடம் கொடுத்தேன். மனைவியின் காதருகே குனிந்து, "ஷர்மினி வந்துட்டா. வாயத் திற" என்றேன்.

நாற்பத்து மூன்று வருடத்தில் என் சொல்லை அவள் தட்டியதில்லை. கண்ணைத் திறந்தாள். லோகேஸ்வரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பால் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது.

"இன்னொரு தடவ விடட்டுங்களா மாமா?"

சுகுமாறன் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

மறுநாள் காலைவரை அவளுக்கு உயிர் இருந்தது. அதுவரை வாயைத் திறக்கவில்லை.